கையெழுத்து வாங்கியாச்சு, இப்ப அக்கா வேணாங்குறாங்க

கேள்வி: வணக்கம் அண்ணா. விஸ்காம் முடிச்சுட்டு கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கேன், ஊரு திண்டிவனம் பக்கம். எங்க ஊர் ஏரிக்கரையில இருக்குற இருளர் குடியிருப்பைப் பத்தி போன வருஷத்துலருந்து சொந்தக் காசுல ஒரு டாக்குமெண்டரி எடுத்துட்டு வர்றேன். செங்கல் சூளையில அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கிட்டு, அப்புறம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) போயி மீட்டுக் கொண்டாந்த குடும்பங்க அங்க மூணு நாலு இருக்கு. அதுல ஒரு அக்கா கேமரா முன்னாடி எல்லாத்தையும் சொல்லி அழுதாங்க, அதுதான் படத்தோட உயிரே. ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்தும் போட்டாங்க. இப்ப திடீர்னு 'என்னைய போடாத தம்பி'ங்குறாங்க. அவங்க கொழுந்தன் குடும்பம் வர்ற சீசனுக்கு வேற சூளையில அட்வான்ஸ் வாங்கியிருக்காம், சூளைக்கு ஆள் சேர்த்து விடுற மேஸ்திரி மட்டும் அதே ஆளாம். ஃபெஸ்டிவலுக்கு அனுப்ப கடைசி தேதி நெருங்குது. முகத்தை பிளர் பண்ணிட்டு போட்டுக்கலாமா? ஏதாவது காசு குடுத்தா ஒத்துக்குவாங்களா, அப்படிக் குடுக்குறது தப்பா? ரஃப் கட் (முழுசா முடிக்காத மொதல் எடிட்) லிங்க் அனுப்பியிருக்கேன், பார்த்துட்டு சொல்லுங்கண்ணா.

பதில்: தம்பி, லிங்க்கைத் திறந்து முழுசா பார்த்தேன், சில எடத்தை திரும்ப ஓட்டியும் பார்த்தேன். கேட்டதுக்கு மொதல்ல நேரா சொல்லிடுறேன், மத்ததை அப்புறம் பேசுவோம். அந்தப் பேட்டியைப் போடக்கூடாது. பிளர் பண்ணியும் போடக்கூடாது. காசு குடுத்து மனசை மாத்தப் பாக்குறது அதைவிட மோசம். படிச்சதும் வயிறு எரியும்னு தெரியும், ஒரு வருஷமா கல்யாண வீடியோ காசுல பெட்ரோல் போட்டு அலைஞ்சு எடுத்தது, சும்மா தூக்கிப் போடுன்னு ஒருத்தன் சொன்னா கோவம் வரத்தான் செய்யும். ஆனா எடிட்டிங்ல உக்காந்து பழகுன ஆளா சொல்றேன், அந்தப் பேட்டி உங்க படத்தோட உயிர் கிடையாது. உயிர் வேற எடத்துல இருக்கு, நீங்க அதை நாலு செகண்டுல வெட்டிட்டுப் போயிட்டீங்க. அதுக்கு வர்றேன்.

மொதல்ல கையெழுத்து. நீங்க அனுப்புன ஃபார்மையும் பார்த்தேன், நெட்டுல டவுன்லோடு பண்ணது, ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ், உலகம் பூரா எந்த மீடியாவுலயும் எந்தக் காலத்துக்கும் பயன்படுத்திக்கலாம்னு இருக்கு. அதை நீங்களே முழுசா படிச்சிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன், நம்ம ஆளுங்க யாரும் படிக்கிறதில்ல. இப்ப உங்க ரஃப் கட்ல பதினோராவது நிமிஷத்துக்குப் போங்க. அந்த அக்கா என்ன சொல்றாங்க? 'வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க, என்னா எழுதுனாங்கன்னு தெரியாது'ன்னு சொல்றாங்க. அதை நீங்களே சப்டைட்டில் போட்டு வச்சிருக்கீங்க. அவங்களுக்குப் புரியாத ஒரு பேப்பர்ல சூளைக்காரர் ஒரு கையெழுத்து வாங்குனாரு, நீங்க ஒரு கையெழுத்து வாங்குனீங்க. ரெண்டும் ஒன்னான்னு நீங்க கேப்பீங்க, ஒன்னு இல்லதான், உங்க நோக்கம் வேற. ஆனா அவங்க பக்கத்துலருந்து பார்த்தா ஒரு சட்டை போட்ட ஆளு பேப்பரை நீட்டுனாரு, போட்டோம், அவ்ளோதான். அந்த ஃபார்மைக் காட்டி 'அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்களே'ன்னு மட்டும் பேசிடாதீங்க, தயவுசெஞ்சு.

இனிமே சம்மதம் வாங்குறதா இருந்தா தமிழ்ல, வாய்மொழியா, கேமராவுலயே வாங்குங்க. படம் எங்க காட்டுவேன், யூடியூப்ல போட்டா மேஸ்திரி போன்லயும் வரும், ஒருதடவை போனா திரும்ப எடுக்க முடியாதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு, அவங்க தங்களோட வார்த்தையில திருப்பிச் சொல்றதை ரெக்கார்டு பண்ணுங்க. பேட்டி எடுத்த அன்னைக்கு ஒருதடவை, எடிட் முடிஞ்சு அவங்க பகுதியைப் போட்டுக் காட்டிட்டு இன்னொரு தடவை. ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம், ஏன்னா பேசும்போது யாருக்கும் தான் பேசுறது எப்படித் தெரியும்னு தெரியாது, அழுத பிறகு அதைப் பார்க்குறது வேற அனுபவம். ஃபெஸ்டிவல்காரங்க கேக்குறதுக்கு ஃபார்மும் ஒன்னு வச்சுக்குங்க, அது ஆஃபீஸ் வேலை.

அந்த அக்கா பயப்படுறது ஒன்னும் வெறும் பயம் இல்ல தம்பி. கொழுந்தன் குடும்பம் அதே மேஸ்திரி கையிலதான் இருக்கு. படம் வெளிய வந்தா மேஸ்திரி இந்த அக்காவை ஒன்னும் பண்ண மாட்டான், அங்க சூளையில இருக்குற கொழுந்தனைத்தான் பண்ணுவான். கணக்குல பத்துக் கல்லு குறைச்சு எழுதுவான், வாரச் செலவுக்குக் குடுக்குற காசை இழுத்தடிப்பான், இல்ல ராத்திரி வண்டியை எடுத்துட்டு குடியிருப்புக்கு வந்து நிப்பான். அப்ப நீங்க திண்டிவனத்துல எந்த மண்டபத்துல இருப்பீங்களோ. வாச்சாத்தி மலைக்கிராமத்துல பழங்குடி ஜனங்களுக்கு 1992 ஜூன்ல ஃபாரஸ்ட்காரங்களும் போலீஸும் பண்ண கொடுமைக்கு தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பு குடுத்தது 2011 செப்டம்பர்ல, ஹைகோர்ட்டு அதை உறுதி பண்ணது 2023ல. அந்த ஜனங்க அவ்வளவு வருஷமும் அதே ஊர்லதான் இருந்தாங்க, அதே ஆஃபீஸ் படிதான் ஏறுனாங்க. படம் எடுக்குறவனுக்கு அந்த விஷயம் ஒரு வருஷம், அதுக்குள்ள இருக்குறவங்களுக்கு அதுக்கு முடிவு தேதியே கிடையாது.

இன்னொன்னு, நீங்க லெட்டர்ல சொல்லாதது. கேஸ் என்ன நிலைமையில இருக்கு? ஆர்டிஓ மீட்டாருன்னா விடுதலைச் சான்றிதழ் குடுத்திருப்பாரு, 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துல எஃப்ஐஆரும் ஆகியிருக்கணும், பழங்குடின்னா வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், கொத்தடிமையா வேலை வாங்குறது அதுலயும் தனிக் குற்றம். கேஸ் நடந்துக்கிட்டு இருந்தா அந்த அக்கா சாட்சி. உங்க ரஃப் கட்ல ஒரு எடத்துல அட்வான்ஸ் முப்பதாயிரம்னு சொல்றாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு இருபத்தஞ்சுன்னு சொல்றாங்க. யாருக்கும் வர்ற ஞாபக மறதிதான் இது, ரெண்டு தவணையா வாங்கியிருப்பாங்க. ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் கையில இந்த வீடியோ கிடைச்சா குறுக்கு விசாரணையில போட்டுக் காட்டி 'எதும்மா உண்மை'ன்னு கேப்பாரு, முடிஞ்சுது. மத்திய அரசோட 2016 மறுவாழ்வுத் திட்டத்துல ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளைக்கும் குழந்தைக்கும் 2 லட்சம்னு இருக்கே, அதுல உடனடியா கைக்கு வர்றது 30 ஆயிரம் வரைக்கும்தான், மீதிப் பணம் கேஸ்ல தண்டனை ஆகுறதோட கட்டிப் போட்டு வச்சிருக்கு. உங்க படத்தால சாட்சி ஆட்டம் கண்டா அந்தக் குடும்பத்துக்குப் போறது அந்தப் பணம். அதனால இவங்க கேஸைப் பார்த்துக்கிற வக்கீலோ சங்கத்துக்காரங்களோ யாருன்னு தேடிப் புடிச்சு, படத்துல எந்தெந்தக் குடும்பம் பேசுதுன்னு சொல்லுங்க, அவங்க இந்த எடம் வேணாம்னா அந்த எடம் வேணாம்.

பிளர். இது எல்லாரும் கேக்குறாங்க. டவுன்ல அபார்ட்மெண்ட்ல இருக்குறவங்களுக்கு பிளர் உதவும், முப்பது வீடு இருக்குற குடியிருப்புல எதுக்கு உதவும்? குரல் தெரியும், கையில பச்சை குத்துனது தெரியும், பின்னாடி இருக்குற வேப்பமரமும் தார்ப்பாயும் தெரியும், சேலை தெரியும், உக்காந்துருக்குற தினுசு தெரியும். மேஸ்திரிக்கு ரெண்டு நிமிஷம் போதும். குரலை மாத்துற சாஃப்ட்வேர் போட்டா கேக்குறவனுக்குப் பேய்ப்படம் மாதிரி இருக்கும், அதுவும் போக முகத்தை மங்கலாக்குனா நம்ம ஜனங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது டிவி க்ரைம் நிகழ்ச்சிதான், தப்பே பண்ணாத ஒரு பொம்பளை குற்றவாளி மாதிரி தெரிவாங்க. ஒருவேளை பின்னாடி அந்த அக்காவே 'நான் சொன்னதைச் சொல்லு, நான்தான்னு தெரியக்கூடாது'ன்னு சொன்னாங்கன்னா, அவங்க வார்த்தையை எழுதி வேற ஊர் பொம்பளை யாரையாவது படிக்க வச்சு, இது வேற குரல்னு எழுத்துலயும் போட்டுட்டு பயன்படுத்தலாம். ஊர் பேரு, சூளை இருக்குற எடம், எத்தனை குழந்தைங்குறதெல்லாம் எடுத்துட்டு. அதுவும் அவங்களே கேட்டா மட்டும்.

இதோட சேர்த்து குழந்தைங்க. உங்க கட்ல சூளையில வேலை பார்த்த ஒரு பையன் நேரா கேமராவைப் பார்த்து பேரும் பள்ளிக்கூடமும் சொல்றான். அதைத் தூக்கிடுங்க, சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுப்படி பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தையோட அடையாளம் தெரியுற மாதிரி மீடியாவுல போடக்கூடாது, அம்மா அப்பா ஒத்துக்கிட்டாங்குறது அங்க பேச்சே இல்ல. யாராவது பாலியல் கொடுமை பத்தி லேசா சொல்லியிருந்தாலும் அதே கதைதான், அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு.

காசு விஷயத்துல ரெண்டு கட்சி உண்டு. பத்திரிகைக்காரங்க பேட்டிக்குப் பைசா குடுக்கக்கூடாதும்பாங்க. நான் அவ்வளவு சுத்தபத்தம் பாக்குறதில்ல. தினக்கூலிக்குப் போற ஆளை ஒரு நாள் முழுக்க உக்கார வச்சு லைட் செட் பண்றோம்னா அந்தக் கூலியை யார் தர்றது? கேமராவுக்கு வாடகை குடுக்குறோம்ல. அதனால பேசுறதுக்குக் காசு இல்ல, கெட்டுப்போன வேலை நாளுக்குக் கூலி உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவு, பேசுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், நல்லா அழுதா ஐநூறு சேர்த்துங்குற மாதிரி ஆயிடக்கூடாது. ஆனா கேஸ் நடக்குற குடும்பத்துக்குப் பணமா குடுக்காதீங்க, நாளைக்கு 'காசு வாங்கிட்டு சொல்ற சாட்சி'ன்னு எழுதிருவாங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு பண்ணுங்க, ஆதார் திருத்தத்துக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுங்க, கல்யாண வீடியோ எடுக்குற பையன்தானே நீங்க, அந்தக் குடியிருப்புல எத்தனை வீட்டுல ஒரு குடும்பப் படம் இருக்குன்னு பாருங்க, ஃப்ரேம் போட்டுக் குடுங்க. வேணாம்னு சொல்லிட்ட ஒருத்தர்கிட்ட காசை நீட்டுறது மட்டும் கூடாது. அவங்களுக்கு இருக்குற கஷ்டத்துல 'வேணாம்'ங்குறதை மாத்திக்க வேண்டி வரும், அட்வான்ஸ் வேலை செய்யுறதும் அப்படித்தானே.

சரி, இப்ப படத்துக்கு வர்றேன், எனக்குப் பேச ஆசையா இருக்குறது இதுதான்.

உங்க கட்ல பதினேழாவது நிமிஷத்துல ஒரு பெரியவர் வர்றாரு, தலைத்துண்டு, பல்லு ரெண்டு இல்ல, ஏரிக்கரையில குந்திக்கிட்டு ஒரு குச்சியால தரையில கோடு போடுறாரு. ஆயிரம் கல்லுக்கு ஒரு கோடு. ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு சேறு மிதிச்சு, பொண்டாட்டி மண்ணை உருட்டிக் குடுக்க இவரு அச்சுல அடிச்சுக் கவுக்க, விடியிறதுக்குள்ள இவ்வளவுன்னு கோடு போடுறாரு. அப்புறம் மழை பேஞ்ச நாளு, பச்சைக்கல்லு கரைஞ்சு போச்சு, அந்தக் கோட்டை கையால அழிக்கிறாரு. உடைஞ்ச கல்லுன்னு மேஸ்திரி கழிச்சதுக்கு இன்னொரு கோட்டை அழிக்கிறாரு. வாரா வாரம் செலவுக்கு வாங்குனதுக்கு இன்னும் ரெண்டு. கடைசியில தரையில நாலே கோடு இருக்கு, அவரு அதைப் பார்த்து சிரிக்கிறாரு, 'இதுல அட்வான்ஸ் எங்கேருந்து கழியும் நைனா'ங்குறாரு. தம்பி, இது முழுசையும் காட்டாம நீங்க வெட்டிட்டீங்க, மீதி எனக்குத் தெரிஞ்சது ஏன்னா அவரு பேசுற சவுண்டை மட்டும் அடுத்த ஷாட் மேல ஓட விட்டிருக்கீங்க. நாலு செகண்டு கையை காட்டிட்டு, நேரா அந்த அக்கா அழுகைக்குப் போயி, வயலின் போட்டு மூணு நிமிஷம் க்ளோசப்ல நிக்கிறீங்க. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு.

அழுகையைப் பார்த்தா பாக்குறவனுக்கு ஐயோ பாவம்னு தோணும், படம் முடிஞ்சதும் டீ குடிக்கப் போயிடுவான். அந்தத் தரைக்கோட்டைப் பார்த்தா அவனுக்குப் புரியும், இந்தக் கணக்கு கழியவே கழியாது, கழியாத மாதிரிதான் போட்டுருக்கு. கொத்தடிமைன்னா சங்கிலி போட்டு கட்டி வச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறவங்க ஆஃபீஸர்லயே இருக்காங்க, 'கேட் தொறந்துதானே இருந்துச்சு, ஏன் ஓடல'ன்னு விசாரணையிலயே கேப்பாங்க. சட்டம் கேக்குறது வேற. கடனுக்காக வேலை பாக்குறாங்களா, வேற எடத்துக்கு வேலைக்குப் போக முடியுமா, நெனைச்ச நேரம் வெளிய போய்வர முடியுமா, கூலி குறைஞ்சபட்ச கூலிக்குக் கீழ இருக்கா. குறைஞ்சபட்ச கூலிக்குக் கீழ வேலை வாங்குனாலே அது கட்டாய உழைப்புன்னு சுப்ரீம் கோர்ட்டு 1982லயே ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டடத் தொழிலாளர் வழக்குல சொல்லியாச்சு. கணக்கு நோட்டு யார் கையில இருக்கு, அதுல என்ன எழுதியிருக்கு, அதோட ஒரு காப்பி தொழிலாளிக்கு உண்டாங்குறதை உங்க படம் காட்டுனா போதும், யாரும் அழவே வேணாம். இது கொத்தடிமைக் கடன்னு நிரூபிக்க வேண்டியது தொழிலாளி இல்ல, கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடன் குடுத்தவருங்குறதும் அந்த 1976 சட்டத்துலயே இருக்கு, எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க.

அந்தப் பெரியவரைத் திரும்பப் போயி பாருங்க, அவருகிட்டயும் முன்னாடி சொன்ன மாதிரி ரெண்டு தடவை கேளுங்க, அவரு பையன்களும் சூளைக்குப் போறாங்களான்னு விசாரிங்க. ஒத்துக்கிட்டாருன்னா அந்தக் கோடு போடுறதை மொதல்லருந்து கடைசி வரைக்கும் வெட்டாம எடுங்க, ட்ரைபாட்ல, உக்காந்த உயரத்துல, ம்யூசிக் இல்லாம. ட்ரோன் வேணாம்.

அட்வான்ஸ் ஏன் வாங்குறாங்கங்குறது உங்க படத்துல இல்லவே இல்ல. 'வறுமை'ன்னு வாய்ஸ் ஓவர்ல ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எல்லாத்தையும் மூடிடும். போயிக் கேளுங்க, ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்கு புதுச்சேரி ஆஸ்பத்திரி செலவு, ஒருத்தருக்கு சாவு. ஏன் வேற எங்கயும் கடன் கிடைக்கல? வீட்டுமனைப் பட்டா இல்ல, ஏரிப் புறம்போக்குல இருக்காங்க, எதை அடமானம் வைக்கிறது? பசங்க ஏன் படிப்பைப் பாதியில விடுறாங்க? எஸ்டி சான்றிதழ் தாசில்தார் குடுக்க முடியாது, ஆர்டிஓ குடுக்கணும், 'நீ இருளர்தான்னு என்ன ஆதாரம், அப்பனுக்கு சான்றிதழ் இருக்கா'ம்பாங்க, அப்பன் பள்ளிக்கூடமே போகல, அவருக்கு எங்க இருக்கும்? தமிழ்நாட்டுல ரொம்ப நலிஞ்ச பழங்குடின்னு அரசாங்கமே பட்டியல் போட்டுருக்குற 6 சமூகத்துல இருளரும் ஒன்னு, அந்தப் பட்டியல்ல இருக்குற ஆளுக்குத் தான் அந்தப் பட்டியல்ல இருக்கேன்னு ஒரு பேப்பர் வாங்க முடியல. இது எல்லாம் அதே சூளை வாசல்ல போயி முடியுது. ஒரு பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டு சான்றிதழுக்கு அலையுறதா நீங்களே மெயில்ல எழுதியிருந்தீங்க, அந்த வரிசையில அவங்களோட நில்லுங்க, கேமராவை ஓட விட்டுட்டு காத்திருங்க. ஆஃபீஸ் உள்ள எடுக்க விடலைன்னா வெளிய, அந்த ஜெராக்ஸ் கடையில.

இப்ப ஓப்பனிங். பாம்பு. இருளர்னா பாம்பு, எலி, மூலிகை, உடனே ஒரு ட்ரோன் ஷாட், தூரத்துல கோயில் மணிச்சத்தம். 1972 வனவிலங்குச் சட்டத்தோட பாம்புத்தோல் வியாபாரம் போச்சு, 1978ல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் வந்துச்சு, அங்க லைசென்ஸோட விஷம் எடுக்குறாங்க, இந்தியா முழுக்க விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகுது, 2023ல ரெண்டு பேருக்கு பத்மஸ்ரீயும் வந்துச்சு. பெருமையான விஷயம், அதுக்கு ஒரு தனிப்படம் எடுக்கலாம். ஆனா உங்க குடியிருப்புல இருக்குறவங்க சூளைக்கும் சவுக்கு வெட்டவும் போறவங்க. நீங்க கேட்டதுக்காக ஒரு பையன் சாரைப்பாம்பைப் புடிச்சுக் காட்டுறான், முகம் பளிச்சுன்னு தெரியுது. லைசென்ஸ் இல்லாம புடிச்சா அது வனக்குற்றம் தம்பி, சாரையும் பாதுகாக்கப்பட்ட பாம்புதான். உங்க படமே ஃபாரஸ்ட்காரங்களுக்கு ஆதாரம். மொதல் வேலையா அதை டைம்லைன்லருந்து தூக்குங்க, ரஷஸ்லருந்தும் (வெட்டாத மூல வீடியோ) அழிச்சுடுங்க.

சூளைக்குள்ள ஒளிஞ்சு மொபைல்ல எடுத்த ரெண்டு ஷாட்டும் வேணாம். தனியார் எடம், உங்க மேல அத்துமீறல் கேஸ் வரும்ங்குறது ஒரு பக்கம், 'இவனை உள்ள விட்டது யாரு'ன்னு அடுத்த நாளு உதை வாங்குறது உள்ள இருக்குறவங்க. ரோட்டுலருந்து புகை தெரியுது, லாரி தெரியுது, கல்லு ஏத்துறது தெரியுது, அது போதும். அப்புறம் சூளை நடத்துறவங்க யாராவது ஒருத்தரை, இந்த கேஸ்ல சம்பந்தப்படாதவரா, நேரா போயி பேட்டி கேளுங்க. திட்டுறதுக்கு இல்ல. அட்வான்ஸா குடுக்குற பணம் உங்களுக்கு எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. பல பேரு வெளிய வட்டிக்கு வாங்கித்தான் சீசனை ஆரம்பிப்பாங்க, மேஸ்திரி தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குவாரு, அந்தச் சங்கிலி மொத்தமும் கடைசியில யாரு முதுகுல வந்து உக்காருதுங்குறதுதான் கதை. ஒரே ஒரு கெட்டவனைக் காட்டுனா பாக்குறவங்க அவனைத் திட்டிட்டு புதுசா வீடு கட்டக் கல்லு வாங்கப் போயிடுவாங்க.

படத்தை மொதல்ல அந்தக் குடியிருப்புலதான் போட்டுக் காட்டணும், ஃபெஸ்டிவலுக்கு முன்னாடி. இது ஒன்னும் புதுசு இல்ல, 1967ல கனடாவுல ஃபோகோங்குற தீவுல மீனவங்களை வச்சு காலின் லோங்குறவர் படம் எடுத்தப்ப, எடுத்ததை அவங்களுக்கே போட்டுக் காட்டி, வேணாம்னு சொன்னதை எடுத்துட்டு, அப்புறம்தான் மந்திரிக்குக் காட்டுனாங்க. அந்த ஊரைக் காலி பண்ணச் சொல்லி அரசாங்கம் நெருக்குன காலம் அது, அந்தத் தீவோட ஒரு பக்கத்து ஜனம் இன்னொரு பக்கத்து ஜனம் பேசுறதைக் கேட்டதே அந்தப் படத்துலதான்னு சொல்லலாம், அப்புறம் சேர்ந்து மீனவர் கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. படத்துல இருக்குறவங்களுக்கே அந்தப் படம் ஒத்துவரலைன்னா என்ன ஆகும்ங்குறதுக்கும் உதாரணம் இருக்கு. உத்தரப்பிரதேசத்துல தலித் பொம்பளைங்க நடத்துற கபர் லஹரியா பத்திரிகையைப் பத்துன 'ரைட்டிங் வித் ஃபயர்' படம் 2022ல ஆஸ்கர் பட்டியல் வரைக்கும் போச்சு, விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தப் பத்திரிகையே எழுதுச்சு, எங்களை ஒரே கட்சியைப் பத்தி எழுதுறவங்க மாதிரி காட்டியிருக்காங்க, அது முழு உண்மை இல்லைன்னு. படம் நல்ல படம், எடுத்தவங்க நேர்மையானவங்க, இருந்தும் இப்படி. கையில பேனா இருக்குறவங்க அவங்க, மறுப்பு எழுத முடிஞ்சுது. ஏரிக்கரையில இருக்குறவங்க எங்க எழுதுவாங்க?

போட்டுக் காட்டும்போது ஒருத்தர் எந்திரிச்சு உங்களைத் திட்டலாம், 'எங்களைக் காட்டி நீ பேரு வாங்கப் போற'ன்னு. திட்டட்டும். டாக்குமெண்டரி டைரக்டர் ஆனந்த் பட்வர்தன் 1985ல பம்பாய் குடிசைவாசிகளைப் பத்தி எடுத்த படத்துலயே ஒரு பொம்பளை அவரைப் பார்த்து அப்படித்தான் கேக்குறாங்க, அவரு அதை வெட்டாம படத்துலயே வச்சிருக்காரு.

முடிக்கிறதுக்குப் பணம் தர்றேன்னு ஒரு தொண்டு நிறுவனம் சொல்றதா எழுதியிருந்தீங்க. வாங்கலாம், ஆனா கடைசிப் பத்து நிமிஷத்துல என்ன வரணும்னு அவங்க சொல்றாங்களான்னு பாருங்க. லண்டன் சேரி ஜனங்க கேமராவைப் பார்த்து தங்க கஷ்டத்தைத் தாங்களே பேசுன ஆரம்பகாலப் படம் 1935ல வந்துச்சு, டாக்குமெண்டரி வகுப்புல எல்லாம் போட்டுக் காட்டுவாங்க, அதுக்குப் பணம் போட்டது கேஸ் கம்பெனிங்க, புது ஃப்ளாட்டு கட்டுனா கேஸ் அடுப்பு விக்கும்ல. படம் என்னமோ நல்லாத்தான் இருக்கு. ஆனா தீர்வு புது ஃப்ளாட்டுதான்னு முடியும், வாடகையைப் பத்தியும் வீட்டுக்காரனைப் பத்தியும் பேச்சு ரொம்ப இருக்காது. உங்களுக்கும் 'நாங்க போனோம், மீட்டோம், இப்ப சிரிக்கிறாங்க'ன்னு முடிக்கச் சொல்லுவாங்க. மீட்ட குடும்பத்தோட கொழுந்தனே திரும்ப அட்வான்ஸ் வாங்கியிருக்காருன்னு நீங்களே சொல்றீங்க, அந்த முடிவு எப்படி உண்மையாகும்?

ஃபெஸ்டிவல் தேதியை விடுங்க. மதுரையில 1998லருந்து டாக்குமெண்டரி விழா நடக்குது, கேரளாவுல 2008லருந்து நடக்குது, அடுத்த வருஷமும் வரும். விழாவுல போடுறதுக்கு சென்சார்லருந்து விலக்கு வாங்கிக்கலாம், ஆனா ஊருக்குள்ள மண்டபம் புடிச்சு பொதுவா போட்டா சென்சார் எங்கன்னு போலீஸ் வந்து கேக்கும், அதையும் மனசுல வச்சுக்குங்க. அந்த அக்காகிட்ட போயி 'உங்களைப் போடல'ன்னு நீங்களே நேர்ல சொல்லுங்க, போன்ல வேணாம். அவங்க பேட்டி இருக்குற கார்டை அவங்க முன்னாடியே அழிக்கணுமா, கேஸ் முடியுற வரைக்கும் பூட்டி வைக்கணுமான்னு அவங்ககிட்டயும் வக்கீல்கிட்டயும் கேட்டு அவங்க சொல்றபடி பண்ணுங்க.

கடைசியா, நீங்க எனக்கு அனுப்புன யூடியூப் லிங்க் அன்லிஸ்டட்ல இருக்கு, லிங்க் கையில இருக்குற யாரும் பார்க்கலாம், டைட்டில்ல வேற அந்த அக்கா பேரும் ஊர் பேரும் இருக்கு. இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே போயி அதை எடுத்துடுங்க, யார் யாருக்கு ஃபார்வர்டு பண்ணீங்களோ அவங்ககிட்டயும் டவுன்லோடு பண்ணியிருந்தா அழிக்கச் சொல்லுங்க. புது கட் ரெடியானா பாஸ்வேர்டு போட்டு அனுப்புங்க, பெரியவர் சீன் எவ்வளவு நீளம் வந்துருக்குன்னு மொதல்ல அதைத்தான் பார்ப்பேன்.